முற்றுகையுள் ஒரு முழக்கம்

1971-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள். தில்லியில் அரசு அலுவலர் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் வாழ்ந்த காலம். எனக்கு அப்போது அகவை பத்து. மேற்கு எல்லையில் போர் மூண்டிருந்தது. சன்னல் கண்ணாடிகளிலெல்லாம் கரிய தாளை ஒட்டியிருந்தோம். வண்டிகளின் முகப்பு விளக்குகளில் மேற்பாதிக்குக் கரிய வண்ணம் பூசியிருந்தார்கள். மாலையானால் நகரம் முழுதும் இருளில் மூழ்கும். அபாயச் சங்கு ஒலித்தால் பேச்சும் அடங்கிவிடும்.

எங்கள் குடியிருப்பில் இருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கூடிப் பாடுவது வழக்கம். என் தந்தையார் முன்னின்று பாடுவார். போர் தொடங்கிய பின் வந்த இரண்டாம் சனிக்கிழமை பாடுவதா, விடுவதா என்ற வழக்கு எழுந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையாரின் மகன் போர்முனையில் இருந்தான். “அந்த அம்மாவை வைத்துக்கொண்டு பாட்டாவது, கூத்தாவது!” என்றார் ஒருவர். “அவனுக்காகத்தானே பாடுகிறோம்!” என்றார் மற்றொருவர். இறுதியில், கதவடைத்து, ஓர் அகல்விளக்கை மரக்காலுக்குள் மறைத்து வைத்து, தாழ்ந்த குரலில் பாடினார்கள். நான்காம் நாள் தந்தி வந்தது. அந்தச் சனிக்கிழமை இரவில்தான் அந்த இளைஞன் வீழ்ந்திருக்கிறான்.

என் தந்தையார் அதன்பின் பாடவில்லை. யாரும் அவரைப் பழிக்கவில்லை. ஆயினும் ஒரு வினா அவர் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. ஒருவன் சாகும் நேரத்தில் மற்றொருவன் பாடுவது அறமாகுமா? அவ்வினாவைத் தந்தையின் சொத்தாக நானும் பெற்றேன். அண்மையில் என் பேரன் அதை மீண்டும் கிளறிவிட்டான்.

அவன் மின்கிதார் வாசிப்பவன். வாசிப்பவன் என்பதைவிட, அதை அடித்து அலற வைப்பவன் என்பதே பொருந்தும். உலகின் ஏதோ ஒரு மூலையில் குண்டு விழுந்து குழந்தைகள் மடிந்த செய்தி வந்த மாலையில் அவன் அறையிலிருந்து அந்தப் பேரிரைச்சல் எழுந்தது. “இந்த நேரத்தில் இது தேவையா?” என்று கடிந்து கொண்டேன். அவன் சினக்கவில்லை. “தாத்தா, சாரயேவோ நகரத்தில் குண்டுமழைக்கு நடுவிலேயே இதை வாசித்தார்கள், தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். தெரியாது என்று சொல்ல நாணி, தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

சாரயேவோ, பொசுனியா நாட்டின் தலைநகரம். நாற்புறமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஓர் ஆற்றின் இருகரையிலும் நீண்டு கிடக்கும் அழகிய ஊர். பள்ளிவாசலும், இரு பிரிவுக் கிறித்தவக் கோயில்களும், யூதர் தொழுகைக்கூடமும் கூப்பிடு தொலைவில் நிற்பது அதன் பெருமை. 1984-இல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் அங்கே நடைபெற்றன. எட்டே ஆண்டுகள் கழிந்தன. யூகோசுலாவியக் கூட்டரசு சிதறியது. 1992 ஏப்பிரலில் பொசுனியச் செர்பியர் படைகள் அம்மலைகளின் மேல் பீரங்கிகளை நிறுத்தி நகரத்தை வளைத்தன. திரெபெவிச்சு மலையில் வீரர்கள் பனிச்சறுக்கு வண்டிகளில் சீறிப் பாய்ந்த தடம் பீரங்கி நிலையமாயிற்று. விளையாட்டரங்கத்தை அடுத்த பயிற்சித் திடல் இடுகாடாயிற்று.

1996 பிப்பிரவரி இறுதி வரை, 1425 நாள்கள், அம்முற்றுகை நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு நகரம் பட்ட முற்றுகையைவிட இது நெடியது. நாளொன்றுக்குச் சராசரி முந்நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. மின்சாரம் இல்லை, குழாயில் நீர் இல்லை, குளிர் காயக் கட்டை இல்லை. பூங்காக்களின் மரங்களை வெட்டி எரித்தார்கள். மரம் தீர்ந்தபின் நூல்களையும் காலணிகளையும் எரித்தார்கள். மதுவடிப்பாலை ஒன்றின் ஊற்றிலிருந்து குடங்களில் நீர் சுமந்தார்கள். தெருவைக் கடப்பதென்றால் ஓடிக் கடக்க வேண்டும். உயர்ந்த கட்டடங்களிலிருந்து குறிபார்த்துச் சுடுவோர் காத்திருந்தார்கள். நகரின் பெருஞ்சாலைக்கே ‘குறிசுடுவோர் சாலை’ என்ற பெயர் வழங்கலாயிற்று. 1992 ஆகத்தில் நகரத்து நூலகம் எரிந்தது. இலக்கக்கணக்கான நூல்கள் சாம்பலாகி ஊரெங்கும் கரிய பனியாய்ப் பொழிந்தன.

இத்தகைய ஊரில் எவரேனும் பாடுவார்களா? பாடினார்கள். நிலவறைகளிலும், மதில் தடித்த மன்றங்களிலும், ஊரடங்கு வேளை தொடங்குமுன் கூடிக் கூடிப் பாடினார்கள். அதுவும் மெல்லிய தாலாட்டை அன்று. ‘பங்க்’ என்னும் முரட்டிசையைப் பாடினார்கள்.

பங்க் என்பது யாது? 1970-களின் நடுவில் நியூயார்க்கு, இலண்டன் மாநகரங்களில் பிறந்த இசைவகை அது. ரமோன்சு, கிளாசு முதலிய குழுக்கள் அதனை வளர்த்தன. மூன்று சுரக்கூட்டுகளை மட்டும் அறிந்தவனும் மேடையேறலாம் என்பது அதன் கொள்கை. விரைவு, உரப்பு, சினம், எள்ளல் ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். பயிற்சி பெற்ற கலைஞன், கேட்டு மகிழும் கூட்டம் என்ற பிரிவினையை அது ஏற்பதில்லை. பொதுவுடைமை ஆட்சி நடந்த நாடுகளுள் யூகோசுலாவியாவில் அது மிக முன்னதாகவே வேர்கொண்டது. 1977-இலேயே இலியூபிலியானாவில் ‘பங்கிர்த்தி’ என்னும் குழு மேடையேறிவிட்டது. சாரயேவோவிலோ 1980-களில் இளைஞர் சிலர் தம்மைப் ‘புதிய பழங்குடியினர்’ என்று தாமே எள்ளி அழைத்துக்கொண்டு, தெருப்பேச்சிலேயே பாட்டும் நகைச்சுவையும் கலந்து ஓர் இயக்கம் நடத்தினர். எனவே முற்றுகை வந்தபோது அவ்விசை வெளியிலிருந்து வந்த புதுமை அன்று. அவ்வூர்ப் பிள்ளைகளின் தாய்மொழி போன்றதே ஆகும்.

முற்றுகைக் காலத்தில் மின்கிதார் வாசிப்பது எளிதன்று. மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். வராவிடில் மின்னாக்கி வேண்டும். அதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெயோ பொன்னினும் அரிது. வாசித்தவர்களுள் பலர் படையில் சேர்ந்திருந்தார்கள். சில நாள் பதுங்குகுழியில், சில நாள் பாட்டுமேடையில் என அவர்கள் வாழ்வு நடந்தது. ‘சிக்தெர்’ என்றொரு குழு. துருக்கியத்திலிருந்து வந்த அச்சொல், நாகரிகமாய்ச் சொன்னால், ‘அப்பால் ஒழி’ என்று பொருள்படும் வசை. ‘சித்’, அஃதாவது ‘சுவர்’, என்று பெயர்கொண்ட தனியார் வானொலி ஒன்று இவ்விளைஞர்களின் இசையை ஒலிபரப்பியது. அவ்வானொலியின் முயற்சியால் 1995-இல் ‘முற்றுகையில் ராக்’ என்ற பெயரில் பல குழுக்களின் பாடல்கள் தொகுக்கப்பெற்றன. 1994 திசம்பரில் ஆங்கிலேயப் பாடகர் புரூசு டிக்கின்சன் தம் குழுவினருடன், பனி மூடிய இக்மான் மலைவழியே சரக்குந்தில் மறைந்து வந்து பாடிச் சென்றதும் வரலாறு. முற்றுகையின் நடுவே நகரத்துள் புகுந்து பாடிய அவரைக் கேட்க, குண்டுக்கு அஞ்சாமல் இளைஞர் கூட்டம் திரண்டது.

செய்தி இவ்வளவே. இனி அறத்தின் வினாவுக்கு வருவோம். இச்செயலை மறுப்போர் நான்கு தடைகளை எழுப்பக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக நடுநிலையோடு ஆராய்தல் நம் கடன்.

முதல் தடை: பிணங்கள் கிடக்கும் ஊரில் பாடுவது இறந்தோரை இகழ்வதாகும் என்பது. என் தந்தையாரின் நெஞ்சில் தைத்த முள்ளும் இதுவே. இதனைத் தமிழன் புதிதாய்க் கேட்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பக்குடுக்கை நன்கணியார் என்னும் சான்றோர் இக்காட்சியைக் கண்டு நடுங்கினார். ஒரு மனையில் இழவுப் பறை. மற்றொரு மனையில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள். ஒருத்தி கண்ணீர் சொரிகிறாள். இப்படி அமைத்தவன் பண்பில்லாதவன் என்று படைத்தவனையே அவர் பழிக்கிறார். ஆனால், மணவீட்டாரை அவர் பழிக்கவில்லை! முழவை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. உலகின் கொடுமையை அறிந்தவர் அதனுள்ளேயே இனியதைத் தேடிக் காண்க என்று முடிக்கிறார். துன்பம் அடிப்போனைக் குறை கூறினாரே அன்றி, இன்பம் தேடுவோனைக் குறை கூறினாரல்லர்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நன்கணியார் கண்டவை இரண்டு வீடுகள். சாரயேவோவில் இருந்தது ஒரே வீடு. காலையில் நண்பனைப் புதைத்தவனே மாலையில் கிதாரைத் தூக்கினான். அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? தமிழில் மறத்தல் என்றொரு சொல்லும் மறுத்தல் என்றொரு சொல்லும் உண்டு. ஓர் எழுத்தே வேறுபாடு. பொருளோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இறந்தவனை மறக்கப் பாடுவது ஒன்று. சாவின் ஆட்சியை மறுக்கப் பாடுவது மற்றொன்று.

இங்கே நாம் மிகைப்படுத்தவும் கூடாது. அவ்விளைஞர்களை எல்லாம் வீரத் தியாகிகளாக உயர்த்திப் பேசினால் அவர்களே நகைப்பார்கள். பலர் விரும்பியது ஒன்றே: சில மணி நேரம் இயல்பான இளைஞர்களாய் இருப்பது. இதில் பெருமை என்ன என்று கேட்கலாம். முற்றுகையின் நோக்கத்தை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். முற்றுகை உயிரை மட்டும் பறிப்பதில்லை. உயிரோடிருப்பவனையும் நீர் சுமக்கும் முதுகாகவும், ரொட்டிக்கு நீளும் கையாகவும் குறுக்கிவிடுகிறது. நீயும் உன் வயிறும் போக எஞ்சுவது ஒன்றுமில்லை என்று அவனை நம்பவைப்பதே அதன் வெற்றி. அந்நிலையில் இயல்பாய் இருக்க விரும்புவதும் ஒருவகை எதிர்ப்பே ஆகும்.

இரண்டாம் தடை: எண்ணெய். மருத்துவமனையில் விளக்கின்றி அறுவை நடக்கும் ஊரில் மின்னாக்கியின் எண்ணெயைப் பாட்டுக்குச் செலவிடலாமா? இத்தடையே எல்லாவற்றிலும் கனமானது. இதனை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அறுவை மேசையிலிருந்து ஒரு குவளை எண்ணெயை எடுத்துப் பாடப்பட்ட பாட்டு எதுவாயினும், அது எத்துணை உயர்ந்ததாயினும், தவறே. ஓர் உயிருக்கு ஈடாகும் பாட்டு உலகில் இல்லை. ஆனால் வாழ்வில் தெரிவு பெரும்பாலும் இவ்வளவு நேராக வந்து நிற்பதில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் நடந்த ஊர் அது. 1993 ஆகத்தில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் அங்கே பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தின் முதல் அங்கத்தை அவ்வாறே இயக்கினார். உணவு மட்டும் போதும், நாடகம் எதற்கு என்று ஊரார் அவரை விரட்டவில்லை, அரங்கு நிறைந்தது. பசித்தவனுக்குச் சோறுதான் முதல் தேவை என்பதில் ஐயமில்லை. சோறு ஒன்றே தேவை என்று பசித்தவன் சார்பில் வயிறு நிறைந்தவன் முடிவு செய்வதில்தான் ஐயம்.

மூன்றாம் தடை: இளைஞரை ஓரிடத்தில் கூட்டுவது அவர்களைக் குண்டுக்கு இரையாக்குவது அன்றோ? உண்மைதான். கூட்டுவோன் தலையில் அப்பொறுப்பு உண்டு. ஆனால், 1992 மே 27 அன்று ரொட்டிக்கு வரிசையில் நின்றோர் மடிந்தனர். 1994 பிப்பிரவரி 5 அன்று மார்க்கலே சந்தையில் 68 பேர் மடிந்தனர். உண்பதற்காக நின்றவனும் செத்தான். வீட்டுக்குள் கிடந்தவனும் செத்தான். எங்கும் அச்சம் என்றான பின் எங்கே நிற்பது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையாவது மனிதனுக்கு வேண்டும்.

நான்காம் தடை: அழகு. பாடத்தான் வேண்டுமென்றால் உள்ளத்தை உருக்கும் இசையைப் பாடக்கூடாதா? இந்தக் காட்டுக் கூச்சல் எதற்கு? என் பேரனிடம் நான் கேட்டதும் சாராம்சத்தில் இதுவே. இதற்கு விடை தேடியபோதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது.

ரொட்டி வரிசையில் மக்கள் மடிந்தபின், வெதுரான் சுமைலோவிச்சு என்னும் செல்லோக் கலைஞர், கருப்பு உடையணிந்து அவ்விடத்தில் அமர்ந்து ஓர் ‘அடாசியோ’வை நாள்தோறும் வாசித்தார். உலகம் அவரைப் போற்றியது. கதையும் கவிதையும் இசையும் அவரைப் பற்றி எழுந்தன. போற்றத்தக்கவரே. ஆனால் உலகம் அதே நகரத்து நிலவறையில் அலறிய இளைஞனை அந்த அளவு அறியவில்லை. ஏன்? துன்புறுவோர் அழகாகத் துன்புற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர்கள் மெல்ல அழுதால் நாமும் அழுவோம். அவர்கள் சினந்தால், எள்ளினால், வசைபாடினால், முகம் சுளிக்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அழுகை அவற்றுள் ஒன்றே. நகை உண்டு, வெகுளியும் உண்டு. வெகுளி எவற்றால் பிறக்கும் என்பதற்கு அவர் காட்டும் நான்கு காரணங்கள் வியப்பூட்டுவன: உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், துன்புறுத்தல், கொல்லுதல். இந்நான்கும் சாரயேவோவில் 1425 நாள்கள் நடந்தன. அவ்வாறிருக்க, அங்கிருந்து அழுகை மட்டும் வரவேண்டும், வெகுளி வரலாகாது என்று சொல்வது இலக்கணத்துக்கே முரணாகும்! வெகுளிக்கு யாழின் இனிமை பொருந்தாது. நம் பறையும் இனிமைக்காகப் பிறந்த கருவி அன்று. இழவு வீட்டில் மார்பில் அறைந்து எழும் ஒப்பாரியும் சபைக் கச்சேரிக்கு உரிய இசை அன்று. அவற்றை நாம் கூச்சல் என்று தள்ளுவதில்லை. இடத்துக்கு ஏற்ற ஒலி என்று உணர்கிறோம். பிறர் ஒலிக்கு மட்டும் அவ்வுணர்வை மறுப்பானேன்?

இதுவரை பாடுவோர் பக்கம் பேசினேன். எனினும் இசை என்றாலே அறம் என்று முடிவுகட்டினால் அதுவும் பெரும்பிழை. கொல்வோரும் பாடினார்கள். மலைமேல் இருந்தோர்க்கும் பாட்டு இருந்தது. இனப்பகையை ஊட்டும் பாட்டுகள் யூகோசுலாவியப் போர்களில் எல்லாப் பக்கத்திலும் ஒலித்தன. உருவாண்டா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் சீமோன் பிக்கிண்டி, இனப்படுகொலைக்கு மக்களைத் தூண்டியதற்காக 2008-இல் அனைத்துலக நீதிமன்றத்தால் தண்டிக்கப்பெற்றார். அவர் தண்டனை பெற்றது ஒலிபெருக்கி வழியே பேசிய பேச்சுக்காகவே. ஆயினும் அவர் பாட்டுகளும் கொலைக்காலத்து வானொலியில் ஓயாமல் ஒலித்தன என்பது மறக்கத்தக்கதன்று. ஆகவே முரசும் வாளைப் போன்றதே. எவன் கையில், எதற்காக என்பதே வினா.

அப்படியானால் அளவுகோல் யாது? நான் கண்டது இது: ஒரு பாட்டு யாரை மனிதரென எண்ணவிடாமல் செய்கிறது என்று பாருங்கள். எதிரில் நிற்பவனுக்கும் தாய் உண்டு என்பதை மறக்கச் செய்யும் பாட்டு, தேனினும் இனியதாயினும், நஞ்சே. கேட்போனும் பாடுவோனும் கொல்லப்படுவோனும் மனிதரே என்பதைச் செவிப்பறை கிழியக் கத்தும் பாட்டு, கேட்கக் கொடியதாயினும், மருந்தே.

இவ்வளவுகோலுக்கு மலைக்கு அப்பாலிருந்தே ஒரு சான்று தருவேன். போர் தொடங்கும் தறுவாயில், 1992 மார்ச்சுத் திங்களில், செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் மூன்று ராக் குழுக்களின் கலைஞர்கள் ‘ரிம்துதிதுக்கி’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். போரை எதிர்த்துப் பாடத் திடல் கிடைக்கவில்லை. எனவே ஒரு சரக்குந்தின் மேல் ஏறிக்கொண்டு தெருத்தெருவாக அமைதிப் பாட்டை முழங்கிச் சென்றனர். அடுத்த திங்கள், சாரயேவோவில் குண்டு விழத் தொடங்கிய பின், ‘எங்களை எண்ணிக்கொள்ளாதீர்’ என்னும் தலைப்பில் பெல்கிரேடின் நடுத்திடலில் பெருங்கூட்டம் கூடியது. அக்கலைஞருள் ஒருவர் மிலான் முலாதெனோவிச்சு. பிறந்தது குரோவாசியத் தலைநகர் சாகிரெபில். பிள்ளைப் பருவத்தில் வளர்ந்தது சாரயேவோவில். வாழ்ந்ததும் 1994-இல் நோயுற்று மறைந்ததும் பெல்கிரேடில். ஒருவரையொருவர் கொன்றுகொண்ட மூன்று நகரங்களும் அந்த ஒரு மனிதருக்குச் சொந்த ஊர்கள். அவர் பாட்டால் போர் நிற்கவில்லை. பாட்டால் போர் நின்றதாக வரலாறு இல்லை. ஆனால் பெல்கிரேடில் இருந்தோர் அனைவரும் ஒரே குரலில் போரை வேண்டினர் என்று எவரும் எழுத முடியாதபடி அச்சரக்குந்து செய்துவிட்டது. பொய்யான ஒருமைக்கு ஒரு சான்று குறைவதும் சிறு நன்மை அன்று.

முற்றுகை தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் பெயரிட்டுப் பூவும் சூட்டிய மரபு நம்முடையது. ஆனால் சான்றோர் பூவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்க, நலங்கிள்ளி வெளியே வளைத்து நிற்க, உள்ளே சென்ற கோவூர்கிழார் மன்னனுக்கு எதனைச் சுட்டிக் காட்டினார்? பாலின்றி அலறும் குழந்தையை. பூவின்றி வெறுந்தலை முடிக்கும் மகளிரை. நீரின்றிப் புலம்பும் வீடுகளை. அறம் வேண்டுமாயின் கதவைத் திற. மறம் வேண்டுமாயின் வெளியே வந்து போரிடு. இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு கிடப்பது நாணத்தக்கது என்று முகத்துக்கு நேரே உரைத்தார். அது இனிய பாட்டு அன்று. கேட்ட மன்னனுக்குக் கூச்சலாகவே தோன்றியிருக்கும். ஆயினும் நாம் அதனை இன்றும் போற்றிக் காத்து வருகிறோம். முற்றுகையுள் எழும் உண்மைக் குரல் அப்படித்தான் இருக்கும்.

இனி, நம்மைப் பற்றிச் சில சொல். நாம் ஊரைவிட்டு வந்து, பிற மாநிலத்தில் வேர்பிடித்து வாழும் குடும்பங்கள். துன்பம் நடக்கும் இடம் ஒன்று, நாம் இருக்கும் இடம் ஒன்று என்பது நமக்குப் பழகிப்போன நிலை. ஊரில் வெள்ளமென்றாலும் புயலென்றாலும் நாம் இங்கே விளக்கின்கீழ் அமர்ந்து செய்தி கேட்கிறோம். ஆதலால் தொலைவில் இருப்போனுடைய அறம் என்ன என்பதை நாமன்றி யார் சிந்திப்பது?

1993-ஆம் ஆண்டுக் கோடையில் ‘யூ-டூ’ என்னும் புகழ்பெற்ற அயர்லாந்துக் குழு, ஐரோப்பிய மாநகரங்களில் பல்லாயிரவர் கூடிய தன் இசைவிழாக்களின் நடுவே, செயற்கைக்கோள் வழியாகச் சாரயேவோ மக்களைத் திரையில் பேசவைத்தது. நல்லெண்ணத்தால் செய்ததே. ஆனால் இலண்டனில் ஓரிரவு, திரையில் தோன்றிய பெண்கள், நீங்கள் இனி உங்கள் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவீர்கள், எங்களை மறந்துவிடுவீர்கள் என்ற பொருள்படக் கூறினார்கள். அரங்கம் உறைந்தது. அக்குழுவும் சில நாள்களில் அவ்விணைப்பை நிறுத்திக்கொண்டது. அதே கிதார், அதே முரசு, அதே முழக்கம்தான். குண்டுக்குக் கீழே அது உயிர்ப்பு; திரைக்கு முன்னே அது கேளிக்கை. பாட்டு மாறவில்லை, நிற்கும் இடம் மாறியது.

இதிலிருந்து நான் கற்றது: துன்பத்தினுள் இருப்பவன் பாடலாமா என்று கேட்கும் உரிமை வெளியில் இருப்பவனுக்கு இல்லை. அவன் கேட்க வேண்டிய வினா வேறு. அவர்களை நான்கு ஆண்டுகள் அங்கே ஏன் விட்டுவைத்தோம் என்பதே அது. முதல் வினா எளிது; அது பிறர் ஒழுக்கத்தை அளக்கிறது. இரண்டாம் வினா கடிது. அது நம் ஒழுக்கத்தை அளக்கிறது. நாம் பெரும்பாலும் முதல் வினாவைக் கேட்டுவிட்டு உறங்கச் செல்கிறோம்.

2012 ஏப்பிரல் 6. முற்றுகை தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைந்த நாள். சாரயேவோவின் நெடுந்தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாக இட்டார்கள். இறந்தோர் ஒருவருக்கு ஒன்று. அவற்றுள் 643 சிறிய நாற்காலிகள், அவை குழந்தைகளுக்கு. அந்நாற்காலிகளின் முன்னே மேடையிட்டு, முற்றுகைக் காலத்தில் பிறந்த பாடல்களையும் சேர்த்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். கேட்போர் இருக்கைகள் யாவும் வெறுமை. போவோர் சிலர் சிறு நாற்காலிகளின்மேல் பூவும் பொம்மையும் வைத்தார்கள். இறந்தோர் நடுவே பாடலாமா என்ற வினாவுக்கு அவ்வூரார் இருபது ஆண்டு கழித்துத் தந்த விடை அதுதான் என்று எண்ணுகிறேன்: இறந்தோரை முன்வரிசையில் அமர்த்திவிட்டுப் பாடுங்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. 1972-ஆம் ஆண்டு மார்கழி. எங்கள் வீட்டில் பாட்டு நின்று ஓராண்டு ஆகியிருந்தது. மகனை இழந்த அந்த அம்மையார் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “ஏன் தம்பி, இந்த வருசமும் பாட்டு இல்லியா?” என்று கேட்டார். என் தந்தையார் தலை குனிந்து நின்றார். அம்மையார் சற்றுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டது மன்னிப்பா, அழைப்பா, இரண்டும் இல்லையா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்று அவருக்கென ஓர் இருக்கையை முன்னே இட்டு என் தந்தையார் பாடியிருக்கலாம் என்று மட்டும் இப்போது தோன்றுகிறது.

என் பேரனின் அறைக்கதவு இப்போது திறந்தே இருக்கிறது. இரைச்சல் குறையவில்லை. சில மாலைகளில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் போய் உட்காருகிறேன்.